பலெர்மோவில் இல்லாத ஜப்பான் தோட்டம்

மே 12, திங்கள்

விடியும்போதே சிரொக்கோ. சூட்டுக் காற்று, பல்லிடுக்கெல்லாம் புழுதி. பல்கனியில் காயப்போட்ட விரிப்புகளை மறுபடி துவைக்க வேண்டும்.

அக்கா நேற்று டொரொன்டோவிலிருந்து இத்தாலிக்கு, என்னிடம் வந்து சேர்ந்தாள். கடைசியாகப் பார்த்தபோது என் மகள் சாரா கைக்குழந்தை. அத்தானின் செத்தவீட்டுக்கும் போகமுடியவில்லை, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். அக்கா மெலிந்துவிட்டாள். கேட்டால் நடைப்பயிற்சியாம்.

சனிக்கிழமை திரும்புகிறாள். நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கெஞ்சி இந்தக் கிழமை முழுக்க லீவு வாங்கியிருக்கிறேன். முகத்தை நீட்டிக்கொண்டுதான் தந்தாள். என் எண்ணமெல்லாம் குசினியில் அக்காவோடு இருந்து கதைப்பது. மீன், புட்டு, தேத்தண்ணி. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்காவின் எண்ணம் வேறு. தன் மகன் கெவின் போனில் அனுப்பிய இடங்களை எனக்கு வாசித்துக் காட்டினாள். பலெர்மோவில் பார்க்கவேண்டியவை: தாவரத் தோட்டம், ரோசாத் தோட்டம், ஜப்பான் தோட்டம், பிளானெட்டேரியம், படகு விடும் ஏரி.

“தம்பி வேலைக்கு நடுவிலை தேடி அனுப்பினவன். ஒண்டையும் விடாமல் பாக்கோணும்” என்றாள். மகனை அவள் தம்பி என்றுதான் சொல்வாள்.

ஏரியா? இங்கேயா? அக்காவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

மே 13, செவ்வாய்

காற்று அடங்கவில்லை. தாவரத் தோட்டம் போனோம். நல்ல இடம்தான். அந்தப் பெரிய அத்திமரம், கிளைகளிலிருந்து தூண் தூணாக இறங்கும் விழுதுகள். அக்கா அதன் அடியில் நின்று படம் எடுத்து உடனே கெவினுக்கு அனுப்பினாள். பிறகு போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பதில் இல்லை. அங்கே இன்னும் விடியவில்லை என்றேன்.

பிறகு ஜப்பான் தோட்டம். யாருக்கும் தெரியவில்லை. பஸ் தரிப்பில் ஒரு கிழவர், ஜப்பான் இல்லை, சீனம்தான் இருக்கிறது, ஃபவொரீத்தா பூங்காவின் ஓரம் என்று அடித்துச் சொன்னார். போனோம். சீன மாளிகை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கேற் பூட்டிக்கிடந்தது. கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தோம். தோட்டத்தில் பாலம் இல்லை, குளம் இல்லை. அக்கா போன் படத்தையும் கேற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவ்வளவு வருசமா இஞ்சை இருக்கிறாய். ஒரு பூங்கா எங்கை இருக்கெண்டு தெரியாதே உனக்கு?”

எனக்குத் தெரிந்தது: எந்த வீட்டுச் சலவைக்கல்லுக்கு எந்தத் தண்ணீர் போடவேண்டும். பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் கந்தோர், குவெஸ்தூராவில் எந்த யன்னலில் சத்தம் போடாத ஆள் இருக்கிறான். மற்றவர்கள் பூங்காவுக்குப் போகும் நாளில்தான் எனக்கு இரண்டு வீட்டு வேலை.

இரவுச் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது. கோபத்தில் இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.

மே 14, புதன்

காற்று நின்றது. வெயில். கால் கொப்புளம்.

ரோசாத் தோட்டம் தேடி ஆங்கிலத் தோட்டம் என்கிற பூங்காவுக்குப் போனோம். ஒரு மூலையில் நாலைந்து ரோசாச் செடிகள், பாதி வாடியவை. காவலாளியிடம் மிச்ச ரோசாக்கள் எங்கே என்று கேட்டேன். எந்த ரோசாக்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டான். அவனோடு சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்.

பிளானெட்டேரியம் ஒன்று மட்டும் இருக்கிறதாம். போனால் அந்த நேரத்தில் திறப்பதில்லை. “பாத்தியே, தம்பி அனுப்பினது சரிதான். நீதான் விசாரிக்காமல் கூட்டிக்கொண்டு வாறாய்” என்றாள் அக்கா. பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு சீற்றில் இருந்து வந்தோம்.

பின்னேரம் அக்கா குளிக்கப் போனபோது சாராவிடம் போனைக் கொடுத்து இந்த ஜப்பான் தோட்டத்தைக் கண்டுபிடி என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“மம்மா, இது ஆர்ஜென்டினா. புவனோஸ் அயர்ஸில பலெர்மோ எண்டு ஒரு இடம் இருக்கு. ரோசாவும் அங்கை. ஏரியும் அங்கை.”

தென் அமெரிக்கா! இரண்டு நாளாகத் தென் அமெரிக்காவை நான் பலெர்மோ பஸ்ஸில் தேடியிருக்கிறேன்.

இவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ரெஸ்டோரன்ட் வேலை முடிந்து பொரித்த எண்ணெய் வாசனையோடு வந்தார். கேட்டுவிட்டு, அக்காவிடம் சொல்லாதே, இன்னும் இரண்டு நாள்தானே என்றார். இவருக்கு எல்லாமே இரண்டு நாள்தான்.

மே 15, வியாழன்

மேகம். அக்காவை மலைக்குக் கூட்டிப்போனேன், இந்த ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம். நம் ஆட்கள் வேதக்காரர், சைவக்காரர் எல்லோரும் போகிற இடம். இங்கே எனக்கு வழி கேட்கத் தேவையில்லை. குகைக் கோயிலுக்குள் தண்ணீர் சொட்டியது. அக்கா நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். இன்றைக்காவது சண்டை இல்லை என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் முதல் பேச்சு: “இது தம்பி அனுப்பினதிலை இல்லையே. ஏரிக்கு எப்ப போறம்?”

வாயில் வந்துவிட்டது. அந்த ஏரி ஆர்ஜென்டினாவில், கெவின் பெயரை மட்டும் பார்த்து எதையோ தூக்கி அனுப்பியிருக்கிறான், இரண்டு நாளாக நாய் மாதிரி அலைகிறோம் என்று கொட்டினேன். மெழுகுதிரி விற்கிற பெண் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா என்னோடு சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. மதில் கட்டில் இருந்தாள்.

“அப்ப தான் அனுப்பினதை அவன் ஒருக்காக்கூட வாசிக்கேல்லை.”

அவ்வளவுதான். பிறகு மெதுவாக மிச்சம் வந்தது. கெவின் இந்தக் கிழமை வீடு மாறுகிறானாம். புது வீட்டில் அக்காவுக்கு அறை இல்லை. வயதானவர்கள் இருக்கும் கட்டடம் ஒன்றில் அவளுக்கு இடம் எடுத்திருக்கிறான். சாமான் ஏற்றும்போது அம்மா நின்று கவலைப்படக்கூடாது என்றுதான் இந்த டிக்கெட். சனிக்கிழமை போனால் நேரே அந்தக் கட்டடம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க இரண்டு பஸ் பிடிக்கவேண்டும்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ அவனைத் திட்டுவாய் என்றாள்.

திட்டினேன். தடுத்தாள். “கெட்டவன் இல்லையடி. அவசரக்காரன்.”

நான் விரும்பியதுபோல் அக்காவோடு மனம்விட்டுக் கதைத்தாயிற்று.

மே 16, வெள்ளி

காலை கபோ சந்தை. சூடை மீன், தக்காளி, புதினா. மீன்காரன் கூவுவதை அக்கா நின்று கேட்டாள், இந்தக் கிழமையில் முதல் தரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெவினுக்குப் போன் எடுத்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று போனைத் தூக்கினேன். அக்கா என் போனை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பெட்டி அடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு உடுப்பாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து ஒன்று சொல்ல நினைக்கிறேன். இரண்டு அறை வீடு. மூன்று பேர். இவரிடம் இன்னும் கேட்கவில்லை.

“அக்கா, போகாதை.”

நிமிரவில்லை. “எங்கை படுக்கிறது?”

“சாராவோட.”

மற்ற அறைக்குள்ளிருந்து சாரா: “பெரியம்மா குறட்டை விடுறவா. பரவாயில்லை, நான் மியூசிக் போடுறன்.”

அக்கா கட்டிலில் இருந்துவிட்டாள். மடித்த சட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

இவர் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, கனடா பாஸ்போட்தானே, விசா இல்லாமல் மூன்று மாதம் விடுவார்கள், ஓகஸ்ட் தொடக்கம் வரை இருக்கலாம் என்றார். பிறகு என்ன என்று கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

கெவினுக்கு அக்காவே போன் எடுத்தாள். நான் கத்துவேன் என்று என்னைக் குசினிக்கு அனுப்பினாள். ஸ்பீக்கரில் கதைத்தாள், சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. ஜப்பான் தோட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது வரவில்லை என்றாள். அவன் ஏதோ நீளமாகக் கேட்டான். அம்மாவின் சாமான்களை எங்கே வைப்பதென்று.

“உனக்கு எங்கை வசதியோ அங்கை வை, தம்பி.”

குரல் உயரவில்லை. வைத்துவிட்டுக் குசினிக்கு வந்து மீன் வெட்டத் தொடங்கினாள்.

மே 17, சனி

வெயில், காற்றில்லை. அக்காவின் தலையணைக்கு உறை தேடவேண்டும். சிஞ்ஞோரா திங்கள் விடியவே வரச் சொல்லி மெசேஜ்.

அக்கா ஏறவேண்டிய விமானம் இந்நேரம் புறப்பட்டிருக்கும். அக்கா இன்னும் தூங்குகிறாள். எழுப்பவில்லை.