பீர் மிஷினும் உங்க அண்ணனும்

ஆண்டாளு,

ராத்திரி நீ சாப்பிடாம எழுந்து போயிட்டே. ரசம் வெச்சிருக்கேன். உப்பு போட மறந்துட்டேன், உப்பளக்காரன் லட்சணம் அப்படி. போட்டுக்கோ. மழை வர்ற மாதிரி இருக்குது, உப்புக் குவியலை மூடிட்டு வந்துடறேன். சாவி ஜன்னல்ல.

நேத்து கார்த்திகேசன் ஜெர்மனியிலிருந்து போன்ல ரெண்டு மிஷினைக் காட்டினான். வீட்டுலயே கரண்ட்ல பீர் காய்ச்சறதாம். "எதை வாங்கலாம்ப்பா?"ன்னான். நான் பெரிய நிபுணன் மாதிரி "மோட்டார் வெச்சதையே வாங்குடா"ன்னு சிரிச்சேன். உப்புத்தண்ணி எவ்வளவு கெட்டியாச்சுன்னு நாம மிதக்க விட்டு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் மாதிரியே ஒண்ணு அவன் கையில இருந்துச்சு. உப்பளத்துப் பக்கமே வராத பையன் டிகிரி பேசறானேன்னு பூரிச்சுப் போயிட்டேன். குடிச்சே செத்துப்போன உங்க அண்ணன் ஞாபகம் எனக்கு வரலை. உனக்கு வந்துச்சு.

அவன் மேல கோபப்படாதே. மாமா மாரடைப்புல போனாருன்னுதான் அவனுக்குத் தெரியும். சின்னப் பையன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய் அது.

"எதையும் வாங்காதே, அம்மா பேசணும்"னு மெசேஜ் போட்டிருக்கேன். மத்தியானம் கூப்பிடுவான். உண்மையைச் சொல்லிடலாம். அப்புறம் வாங்கறதும் விடறதும் அவன் இஷ்டம்.

தட்சணாமூர்த்தி

கீழே கொஞ்சம் இடம் இருக்குது, அதனால: உங்க அண்ணனைப் பத்திப் பேச உனக்கு வாய் வரலைன்னா நான் சொல்றேன். சிரிக்காம சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்திரு.