படத்தடியில் நீ விட்டுப்போன மாத்திரை

அன்பு மகள் ஸ்மராண்டாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கக் கை வரவில்லை, நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் ஞாயிறு தோறும் நீ இருக்கும் இத்தாலிக்குச் சாமான் ஏற்றிப்போகும் நம் நெலுவின் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். செர்ரி இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது, அம்மா மூன்று பாட்டில் ஜாம் காய்ச்சியிருக்கிறாள், கோயில் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. இதையெல்லாம் எழுதுவது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான், உன் அப்பனை உனக்குத் தெரியாதா.

வெள்ளிக்கிழமை உன் அறைத்தோழி ஓவானா போன் செய்தாள். "மாமா, பதினோரு நாளா அவ கட்டிலை விட்டு எறங்கல. பேக்கரில வேற ஆளப் போட்டாச்சு. சாப்பிடச் சொன்னா செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறா. நான் இல்லாம போயிட்டா அப்பாவுக்கு ஒரு வெக்கம் கொறையும்னு நேத்து சொன்னா மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். உன்னைத் தனியே விடாமல் வேலைக்கு லீவு போட்டுக் கூடவே இருக்கிறாளாம், புதன்கிழமைக்கு டாக்டரிடம் நேரமும் வாங்கிவிட்டாளாம். அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கேள். நோன்பு இருக்கச் சொல், ஜெபம் பண்ணச் சொல், எல்லாம் சரியாகும் என்றேன். சொல்லிவிட்டுப் போய்த் தேனீப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது நீ என்னிடம் எவ்வளவு தயங்கித் தயங்கிச் சொன்னாய். "அப்பா, இது மருந்துப்பா, பாவம் இல்ல. இத நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாய். நானோ, நற்கருணை வாங்கும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது, விசுவாசம் உள்ளவளுக்கு மனசுக்கு எதற்கு மாத்திரை, டப்பாவைத் தேவமாதா படத்தடியில் வைத்துவிட்டு வா என்று கோயிலில் பாடுகிறவன் என்ற தோரணையில் சொன்னேன். நீயும் வைத்தாய். இத்தாலிக்குத் திரும்பும்போதும் எடுத்துக்கொள்ளவில்லை. என் மகள் மாத்திரையை ஈஸ்டரோடு தலைமுழுகிவிட்டாள் என்று அடுத்த நாளே நாலு பேரிடம் பெருமை பீற்றிக்கொண்டேன், மகளே. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது என் பிரஷர் மாத்திரையைக் காணவில்லை. பார்த்தால் உன் டப்பாவுக்குப் பக்கத்தில், அதே படத்தடியில் இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து, "ஒங்க விசுவாசந்தான் பெரிய விசுவாசமாச்சே, இன்னைக்கு ஒரு நாள் அங்கயே விட்டுட்டுப் போய்ப் பாடுங்க, பாப்போம். ஒங்களுக்கு ரத்தம் கொதிச்சா மருந்து, அவளுக்கு மனசு நொந்தா மட்டும் நோன்பா?" என்றாள். கத்தினேன். சாமி படத்தோடு விளையாடுகிறாயா என்று கையை ஓங்காத குறை. ஆனால் ஸ்மராண்டா, கத்தி முடித்துவிட்டு மாத்திரையை எடுத்து ஒரு வாய்த் தண்ணீரோடு முழுங்கினேன். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் முழுங்குகிறேன். முழுங்காவிட்டால் மயங்கி விழுவேன் என்று பயம், அவ்வளவுதான். உனக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் யுஸ்டினிடம் போனேன். நான் எப்போதும் பொடியன் என்று கிண்டல் செய்வேனே, அவரிடம்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, மருந்து நோன்ப முறிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க மாத்திரை போட்டுட்டு வர்றது தெரிஞ்சுதானே நான் ஒங்க வாயில நற்கருணை வைக்கிறேன். அந்தப் புள்ளகிட்ட ஏன் சொல்லல?" என்றார். கண்ணு, ஜெபம் குறைந்து உனக்கு இது வரவில்லை. ஜெபிக்க முடியாத நாளில் நீ சும்மா படுத்திரு, உனக்கும் சேர்த்து நான் பாடுகிறேன். பாடும்போது ஒருவருக்குத் தொண்டை கட்டினால் பக்கத்தில் நிற்பவர் பாட்டைப் பிடித்துக்கொள்வார், அதற்குத்தான் நாங்கள் சேர்ந்து நிற்கிறோம். உன் டப்பாவையும் ஜாம் பார்சலில் வைத்திருக்கிறேன். நீயாக மறுபடி தொடங்காதே, புதன்கிழமை டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி செய்.

இதுவரை வீட்டில் எழுதியது. இனி எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நெலு பார்சல் வாங்க வந்தான். ஜாமைக் கொடுத்தேன், கடிதத்தை நீட்டினேன், ஆனால் என் விரல் அதை விடமாட்டேன் என்கிறது. "மாமா, ஒண்ணு கடுதாசிய விடுங்க, இல்ல வண்டில ஏறுங்க, எனக்கு நேரமாகுது" என்றான். ஏறிவிட்டேன். வீட்டுச் செருப்போடு ஏறிவிட்டேன், அம்மா பின்னாலேயே ஓடிவந்து கோட்டையும் பிரஷர் மாத்திரையையும் ஜன்னல் வழியாகப் போட்டாள். இரண்டு நாளாக இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிறேன். அடுத்த ஞாயிறு கோயிலில் யார் பாடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, அது ஃபாதர் பாடு.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ எனக்கு ஒரு நாளும் வெட்கம் இல்லை, வெட்கப்பட வேண்டியவன் நான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர். இந்தக் கடிதத்தை நெலு உன் கையில் தரும்போது வேன் உன் தெருவில்தான் நிற்கும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கதவைத் திறக்க வேண்டாம், நாளை நீங்கள் டாக்டரிடம் போகும்போது நான் ஓவானாவின் பின்னால் நடந்து வருகிறேன். ஜன்னலில் ஒரு தடவை கையை மட்டும் காட்டு, உயிரோடு இருக்கும் உன் கையைப் பார்த்துவிட்டு அதன்பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிறேன்.

கீழே, வேனில்,
உன் அப்பா தோடேர்