சமவெளியில் ஒரு வண்டித்தடம்

செஸ்ஃபொன்டெய்ன்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணன் எலியாசருக்கு,

உன் தங்கை உல்ரிகே எழுதுகிறேன். நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். லூடரிட்ஸ் மீன் தொழிற்சாலையில் ஐஸுக்குள் கை வைத்தே உன் விரல்கள் மரத்துப் போய்விட்டன என்று லாரி ஓட்டும் ஹாரால்ட் சொன்னான். அந்த விரல்களைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி.

ஐந்து தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. நல்லதுதான். எடுத்திருந்தால் வழக்கம் போல ஆடு எப்படி, மழை எப்படி என்று பேசிவிட்டு வைத்திருப்பேன். பதினான்கு வருஷமாக அதைத்தானே செய்தேன்.

இங்கே மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. சிங்கம் நான்கு ஆடுகளைக் கொண்டு போனது. யானைகள் பௌலீனே அத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூன்றாவது முறையாக உடைத்தன. அத்தை களிச்சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, "சொந்தக்காரங்க கூட இப்படி அடிக்கடி வர்றதில்ல, வந்தாலும் ஒரு வாய் தண்ணியோட போயிடுவாங்க" என்று கத்தினாள். என் மகள் ரெகினாவுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடியே நடக்கிறாள். உன் நடை அப்படியே. 

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ என்னிடம் கேட்காத கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் சுற்றுலா வழிகாட்டி வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. முகாமில் வண்டி ஓட்டிய முதல் பெண் நான். ஆண்கள் என் காதுபடவே, "பொம்பள வண்டின்னா காண்டாமிருகம் மலை ஏறி ஒளிஞ்சுக்கும்" என்று சிரிப்பார்கள். அந்த வாரம் ஒரு வயதான தம்பதி விருந்தினராக வந்திருந்தார்கள். மூன்று நாள் தேடியும் காண்டாமிருகம் கண்ணில் படவில்லை. மறுநாள் அவர்களுக்கு விமானம். காலையில், முகாமுக்குத் தடம் பார்க்கிற நீ, காலுறையில் கட்டிய சாம்பலை உதறிக் காற்றைப் பார்த்தாய். "இன்னிக்கு வேணாம் உல்ரிகே, காத்து புரளுது. அரைக்காதி கன்னோட இருக்கா. விட்டுடு" என்றாய். பிறகு மற்ற வண்டியோடு ஆற்றுப் படுகைக்கு யானை காட்டப் போய்விட்டாய்.

நான் விடவில்லை. பழைய பாதையில் சுற்றிப் போனால் நேரமாகும் என்று சரளைச் சமவெளியில் வண்டியை இறக்கினேன். அங்கே பாதையை விட்டு விலகக் கூடாது, ஒரு தடம் விழுந்தால் அது பின்னால் வருகிற எவனுக்கும் சாலை என்று வில்லை தருவதற்கு முன்னால் ஊர்ச் சங்கத்தார் என்னை நூறு தடவை சொல்ல வைத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்துதான் இறக்கினேன். நேரே அந்தச் சிறு குன்றான கரடு வரை ஓட்டினேன். கரட்டுக்கு அப்பால் ஊற்றில் பாதிக் காது போன நம் காண்டாமிருகம் அரைக்காதி நின்றுகொண்டிருந்தாள், கன்று அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு. அந்த அம்மாள் அழுதாள். கிழவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அண்ணா, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முகாம் நோட்டில் 'கிழக்கு மலை, வரிக்குதிரை' என்று எழுதினேன். விருந்தினர் பறந்துவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நீ என் அடுப்படியில் உட்கார்ந்து புளித்த பாலும் களியும் சாப்பிட்டுக்கொண்டே, "சமவெளியில தடம் விழுந்தா நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் கிடக்கும், இல்ல?" என்றாய். எனக்கா தெரியாது என்று முறைத்தேன். உண்மையைச் சொல்ல நீ எனக்குக் கதவைத் திறந்துவிட்டாய் என்று அப்போது புரியவில்லை. இல்லை, புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் விருந்தினர் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் நீ கழுதையில் ஏறி எங்கேயோ போக ஆரம்பித்தாய். நகமெல்லாம் பிய்ந்து வருவாய். கேட்டால் "முள்ளு" என்பாய். எவளோ ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நான் சமையற்கட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். "பொண்ணு வீட்டுல முள்வேலி பலமோ?" என்று உன்னையே கேட்டேன். நீயும் சிரித்தாய்.

நான் தடம் போட்ட பதினேழாம் நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அரைக்காதியைக் கொம்பில்லாமல் கண்டெடுத்ததைப் பற்றி நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. முதலில் பார்த்தவன் நீ.

ஊர்ப் பெரிய மரத்தடியில் ஊர்ச் சங்கம் கூடியதையும் நீ மறந்திருக்க மாட்டாய். சமவெளியில் ஒரு பழைய வண்டித்தடம், அதன் மேலேயே கொலைகாரர்களின் வண்டித்தடம், அது நின்ற இடத்திலிருந்து அவர்கள் நடந்து போன தடம், அதோடு உன் செருப்புத் தடம். டயரை வெட்டி நீயே அடி வைத்த அந்தச் செருப்பை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? சங்கத் தலைவர் கோத்லீப் மாமா, "வண்டி நின்ன எடத்துல உன் செருப்புக்கு என்னடா வேலை?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. பிறகு தரையைப் பார்த்தபடி, "அங்க கல்லுக்குக் கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்றாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமா உன் பெயரைச் சொல்லித் துப்பினார். அந்தப் பழைய தடம் யாருடையது என்று ஒருவர் கேட்டபோது, இன்னொருவர் என் பக்கம் கையை நீட்டி, "இவளா? நேத்து வில்லை வாங்குனவ, அவ்ளோ தூரம் போற துணிச்சல் ஏது?" என்றார். என்னைக் கேவலமாக நினைத்தார்கள், அதுவே எனக்குக் குடையாகிவிட்டது. ரெகினா மடியில் இருந்தாள், ஒரு வயது. அவளைக் காரணம் காட்டி இத்தனை வருஷம் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அதுவல்ல. வில்லையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

போலீஸ் உன்னை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. தடம் பார்ப்பவன் முன்னால் நடக்க வேண்டும், வழிகாட்டியும் விருந்தினரும் பின்னால் வர வேண்டும். உன் பின்னால் நடக்க ஓர் ஆளும் இல்லை. நீ தெற்கே லாரி ஏறிய அன்று நான் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போயிருந்தேன். வேண்டுமென்றே கேட்டு வாங்கிய வேலை அது.

இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். பதினான்கு வருஷமாக அந்தத் தடத்தைப் பாதையிலிருந்து பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். கறுப்புச் சமவெளியில் இரண்டு வெள்ளைக் கோடு. "யார் செய்தது?" என்று விருந்தினர் கேட்பார்கள். "புத்தி கெட்ட எவளோ ஒருத்தி" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். கிட்டே மட்டும் ஒரு நாளும் போனதில்லை. சென்ற மே மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி வந்தாள். கல்லைப் பற்றிப் பாடம் எடுத்தவளாம். அந்தக் கோட்டைப் பக்கத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் இறங்கி அவளோடு நடந்தேன்.

கோடு கரட்டுக்கு முன்னூறு அடி முன்னாலேயே நின்றுவிட்டது, அண்ணா.

வண்டி அங்கேதான் நின்றது என்று ஊர் முழுக்க நம்பியது. ஆனால் நான் கரடு வரை ஓட்டினேன். பறந்துபோன அந்த விருந்தினரை விட்டால் அது தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான். நான் குனிந்து பார்த்தேன். அந்த முன்னூறு அடியிலும் ஒவ்வொரு கல்லும் கறுப்பு முகம் மேலே இருக்கும்படி அதன் குழியிலேயே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு கூழாங்கல்லை எடுத்தேன். அடியில் வெளுப்பு. மேலே காலகாலமாக வெயில் தின்ற கறுப்பு. வண்டி புரட்டிப் போட்டதை ஒரு கை எடுத்து, எந்தப் பக்கம் வானம் பார்த்தது என்று யோசித்து, திருப்பி வைத்திருக்கிறது. ஓரத்தில் காற்று எடுக்காத இரண்டு பள்ளம் இருந்தது. முழங்கால் பதிந்த பள்ளம். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியை பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

பாதைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் யாராவது பார்த்து யார் தடம் என்று கேட்பார்கள் என்றுதானே ஊற்றுப் பக்கம் தொடங்கினாய்? இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் தடம் வெட்டவெளியில் எங்கேயோ முடிந்திருக்கும், அரைக்காதியும் பிழைத்திருப்பாள். நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் ஊரே வந்து உன்னோடு உட்கார்ந்திருக்கும். ஒரே நாளில் முடிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஜூலையில் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் எழுதிய பொய்யையும் சொன்னேன்.  பௌலீனே அத்தைதான் முதலில், "பதினாலு வருஷம் அதை எப்படிடீ வாயில அடக்கி வச்சிருந்த? ஒரு ஆட்டு விலையைக் கூட உன்னால ரகசியமா வச்சுக்க முடியாதே" என்றாள். கோத்லீப் மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவர் தடியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்து, "அவன் பேரைச் சொல்லித் துப்புனேனே, அந்த எச்சிலை இப்ப எங்க போய் வழிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் வெளியே வரவில்லை. உன்மேல் குற்றமில்லை என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் வில்லையை வாங்கிக்கொண்டார்கள். திருப்பித் தருவார்களா என்று நான் கேட்கவில்லை. இப்போது முகாமில் படுக்கை விரிப்புத் துவைக்கிறேன். துவைக்கும்போது அழுதால் யாருக்கும் தெரிவதில்லை, அது ஒரு வசதி.

மத்தியானத்தில் சமவெளிக்குப் போகிறேன். பாதைப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன், எல்லோர் கண்ணிலும் படும்படி. ரெகினாவும் வருகிறாள். ஒருநாள் பௌலீனே அத்தை ஒட்டுத்துணிப் பாவாடையை விரித்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, "என் கண்ணுக்கு எல்லாக் கல்லும் கறுப்பாத்தான்டீ தெரியுது" என்று சொல்லிக்கொண்டே நாற்பது கல் திருப்பினாள். பாதி தப்பு. அவள் போன பிறகு ரெகினா சரி செய்தாள். இதுவரை நூற்றுப் பத்து அடி முடிந்திருக்கிறது. என் நகங்களும் பிய்ந்துவிட்டன. உன் 'முள்ளு' எது என்று இப்போது தெரிகிறது.

கல்லைத் திருப்பினால் அரைக்காதி எழுந்து வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கன்று பிழைத்தது. இப்போது அவளே தாய், வாலுக்குப் பின்னால் ஒரு குட்டியோடு திரிகிறாள். எந்த இடம் என்று எழுதமாட்டேன். கடிதம் பல கை மாறும். அந்தப் பாடத்தை இனி மறக்கமாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். நீ மன்னிக்காவிட்டாலும் வா. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஹாரால்ட் மாதக் கடைசியில் வடக்கே திரும்புகிறான். முன் இருக்கை உனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சில கற்களில் எது மேல் முகம் என்று எனக்குப் புரியவில்லை. அவற்றைத் திருப்பாமல் ஓரமாக அடையாளம் வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடல்பனி உன் நெஞ்சில் தங்காமல் இருக்கட்டும். ஆண்டவர் உன் விரல்களுக்குச் சூடு கொடுக்கட்டும். நீ வந்ததும் காலையில் சாம்பலை உதறிக் காற்றைப் பார். போகலாம் என்றால் போவோம், வேண்டாம் என்றால் உட்கார்ந்திருப்போம். போவதானால் நீ முன்னால் நட, அண்ணா. உன் பின்னால் முதல் ஆளாக நான் வருகிறேன், நீ கால் வைத்த இடத்தில் என் காலை வைத்து.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
தங்கை,
உல்ரிகே