மிட்டாய் போய் உட்கார்ந்த உயரம்

ஞாயிறு இரவு, சிதம்பரம்

மிட்டாய் கூண்டுக்குள் தூங்குகிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

முன்பு வளர்த்த லவ் பேர்ட்ஸுக்குக் கத்தரித்த அளவுக்கே, காக்கட்டீல் கிளியான மிட்டாய்க்கும் இறக்கையைக் கத்தரித்திருந்தேன். அவற்றுக்குக் குண்டு உடம்பு. கொஞ்ச தூரம் போய்த் தரையில் விழுந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் காலையில் மிட்டாயை மொட்டை மாடியில் வெயிலுக்குத் திறந்துவிட்டேன். இதற்கோ ஒல்லி உடம்பு, நீள இறக்கை. ஒரு காற்று அடித்தது, அவ்வளவுதான். தெருவைத் தாண்டித் தென்னை உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது.

கீழே நின்று கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துக் கத்தியதே தவிர இறங்கவில்லை.

"வீட்டுக்குள்ளயே பறந்தது, அதுக்கு நேரா போவத்தான் தெரியும். செங்குத்தா எறங்கத் தெரியாதுங்க. அது ஒசரத்துக்கு நாமதான் போவணும்," என்றாள் என் மனைவி வள்ளி.

அந்த உயரத்தில் இருப்பது எதிர்வீட்டு மாடி. மிட்டாயின் விசில் சத்தம் தாங்கவில்லை என்று போன மாதம் சண்டைக்கு வந்தவர் வீடு. வேறு வழியில்லாமல் போய்க் கதவைத் தட்டினேன். மாடிக்கு அழைத்துப் போனார். விசிலடித்துக் கூப்பிடப் பார்த்தேன்; பதற்றத்தில் வாய் உலர்ந்து எனக்கு விசில் வரவில்லை. அவர்தான் அடித்தார். மிட்டாயின் அதே மெட்டு, ஓர் இடம் பிசகவில்லை. அது நேராகப் பறந்து வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

"தெனம் கேக்கறனே, வராதா பின்ன?" என்றார்.

"இனிமே கூண்ட பின்பக்கமா மாட்டிடறேன் சார்."

மிட்டாயை என் கையில் கொடுத்தார்.

"முன்னாடியே இருக்கட்டும்."