மூன்று வருடம் முன்பு இறந்த கணவன்

பிராம்லி, ஒன்டாரியோ
நவம்பர் 26

அன்புள்ள ரோவீனா,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நீ நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் ஊரே சிரிக்கும். நான்தான் செத்துவிட்டேனே.

சனிக்கிழமை சாயங்காலம், பனிக்கட்டி மேல் கல் தள்ளி விளையாடுவோமே, அந்தக் கர்லிங் கிளப்பில் பெரிய திரை கட்டி உன் கிறிஸ்துமஸ் படத்தைப் போட்டார்கள். நம்மூர்ப் பெண் எழுதிய படம், டிவியில் வருகிறது என்று எண்பது பேர் கூடிவிட்டார்கள். நானும் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். பத்தாவது நிமிடம் உன் கதாநாயகி ஐவி கல்லறைக்கு முன்னால் நிற்கிறாள். கணவன் இறந்து மூன்று வருடமாம். பனி வாரும் லாரி ஓட்டியவனாம். முதல் பான்கேக்கை எப்போதும் கருக்கிவிட்டு நாய்க்குப் போடுவானாம். சிவப்புத் தொப்பி, ஒரு பக்கக் காதுமூடி கிழிந்தது. எண்பது தலையும் என் பக்கம் திரும்பின. தொப்பி என் மடியில் இருந்தது.

டோனட் கடை பெவ் சும்மா இருப்பாளா? "என்னப்பா லோர்ன், போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பூவாவது வாங்கி வச்சிருப்பேனே!" என்றாள். திங்கட்கிழமை நகராட்சி ஷெட்டில் வேலைப் பட்டியலில் என் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார்கள்.

படம் மோசமாக இருந்திருந்தால் எரிச்சல் இவ்வளவு இருக்காது. கிறிஸ்துமஸ் மரப்பண்ணைக்காரன் வந்து நின்றதுமே அவன்தான் மாப்பிள்ளை என்று தெரிந்துவிட்டது. முத்தம் கொடுக்கப் போகும்போது ஃபோன் அடிக்கும் என்று தெரியும். கடைசியில் பனி விழும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். செத்தவனும் நான், அழுதவனும் நான்.

பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். ஐவி கல்லறையில் சொன்னதில் பாதியையாவது நீ என் முகத்துக்கு நேராகச் சொன்னதுண்டா? உன் விவாகரத்துக் காகிதம் ஜூன் மாதத்திலிருந்து மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அதற்குள் என்னைப் புதைத்தே விட்டாய். ஏன் என்று மட்டும் சொல்.

இன்னும் மூச்சு விடும் உன் கணவன்,
லோர்ன்


டொரண்டோ
டிசம்பர் 2

அன்புள்ள லோர்ன்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அவமானமாக இருந்தது. ஊர் முன்னால் உன்னை அப்படி உட்கார வைத்தது என் தப்பு. தொப்பியையாவது மாற்றி எழுதியிருக்கலாம்.

ஆனால் கொன்றது நானில்லை. நான் எழுதியது கணவனைப் பிரிந்து வந்த பெண்ணின் கதை. தயாரிப்பாளர் கிளெனிஸ் படித்துவிட்டு, "பாக்குறவங்க பரிசுப் பொட்டலம் கட்டிக்கிட்டே பாப்பாங்க ரோவீனா. அவங்களுக்கு எதுக்கும்மா விவாகரத்து? புருஷன் செத்துட்டான்னு வச்சிடு, பாந்தமா இருக்கும்" என்றாள். இந்தப் படங்களில் விவாகரத்துக்கு இடமில்லை, சாவுக்கு உண்டு. அதுவும் மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வாரம் அவளோடு மல்லுக்கு நின்றேன், தோற்றேன்.

கேலி செய்கிறாயே, அந்தத் தெரிந்த முடிவுக்காகத்தான் ஆட்கள் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும் கையோடு பார்த்தேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு யாரும் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிவது அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கும் அது தேவைப்பட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்த பிரதியில் உன்னைப் பற்றி ஒரு நல்ல வரி எழுத வரவில்லை. செத்ததும் வந்துகொண்டே இருந்தது. அது ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

என் பதினோரு படங்களிலும் கடைசியில் ஒருவன் ஓடி வருகிறான். அது ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன ஜனவரி காலையில் பெட்டியோடு காரில் ஏறி, இஞ்சினைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து கதவைத் திறப்பாய் என்று காத்திருந்தேன். நீ வந்தாய், லோர்ன். லாரியில் ஏறி, எனக்குப் பின்னால் தெருவரைக்கும் பனியை வாரி வழி விட்டாய். பொண்டாட்டி போவதற்குப் பாதை போட்டுக் கொடுத்த கணவனை எந்தப் படத்தில் நான் உயிரோடு வைக்க முடியும்?

ரோவீனா


பிராம்லி
டிசம்பர் 9

ரோவீனா,

பதினோரு மாதமாக இதையா மனசில் வைத்திருந்தாய்?

அன்று விடியற்காலையில் மழை பெய்து உறைந்திருந்தது. உன் டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மாற்று, மாற்று என்று அக்டோபரிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஓடைத் திருப்பத்தில் முதல் நாள்தான் ஒரு வேனை இழுத்து வெளியே போட்டிருந்தேன். நம் வாசலை மட்டுமா வாரினேன்? நெடுஞ்சாலை வரைக்கும் உனக்கு முன்னால், பனி உருகி வழுக்காமல் இருக்க உப்புப் போட்டுக்கொண்டே போன லாரியை ஓட்டியது யார் என்று நினைத்தாய்? நீ ஹார்ன் அடித்து என்னை முந்திப் போனாய்.

உன்னைப் போகச் சொல்லவில்லை. போகிறவள் உயிரோடு போகட்டும் என்று நினைத்தேன். இது உனக்குத் தெரியாது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். கடிதத்தைப் படித்துவிட்டு ஷெட்டில் ஒரு நல்ல வாளியை உதைத்து நெளித்துவிட்டேன்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. இருபத்து நான்காம் தேதி. பெவ்விடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவள் ஊரையே கூட்டிவிட்டாள். சதுக்கத்தில் விளக்குத் தோரணம் கட்டி, நீ காரிலிருந்து இறங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாட வைக்கப் போகிறார்களாம். "நீ ஓடி வரணும்ப்பா, நடந்து வந்தா எடுபடாது" என்கிறாள். எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஓடுகிறேன்.

லோர்ன்


டொரண்டோ
டிசம்பர் 15

அன்புள்ள லோர்ன்,

நகராட்சி லாரியெல்லாம் ஒரே மாதிரி, அந்த லாரி நீதான் என்று எனக்குத் தெரியாது. முந்தும்போது திட்டிக்கொண்டே போனேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

இருந்தாலும் நான் வரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி.

விளக்கு, பாட்டு, ஓட்டம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜூலை வெயிலில் சோப்பு நுரையைப் பனி என்று தூவி, கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்ற ஊற்ற எடுக்கிற காட்சி அது. இருபத்து நான்காம் தேதி வந்தால் நான் அழுவேன், நீயும் அழுவாய், ஊர் கை தட்டும். இருபத்து ஏழாம் தேதி காலையில் நீ ஒரு வார்த்தை பேசாமல் காபி குடிப்பாய். நான் பாத்திரத்தை டமாலென்று வைப்பேன். அந்தக் காட்சியை எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதில்தான் நாம் இரண்டு பேரும் தோற்றோம்.

ஒன்றுமே நடக்காத மாதம் பிப்ரவரி. பனியெல்லாம் சேறாகி, எல்லாருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். பதினேழாம் தேதி எனக்கு லீவு. அப்போதும் உனக்கு என் மேல் கோபம் இருந்தால் எழுது, வருகிறேன். கோபம் போய், அந்நியரிடம் காட்டுகிற மரியாதை வந்துவிட்டிருந்தால், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. உன் மரியாதையைத் தாங்க என்னால் முடியாது.

பெவ்விடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ரோவீனா


பிராம்லி
பிப்ரவரி 8

ரோவீனா,

தோரணத்தை அவிழ்க்க ஆளில்லை என்று என்னையே ஏணியில் ஏற்றினார்கள். நீ வராததற்கு ஊருக்கெல்லாம் பதில் சொன்னவனும் நான்தான். கிறிஸ்துமஸ் அன்று தனியாக ஒரு டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தேன். உனக்கு ஒரு ஃபோன் பண்ணக்கூடத் தோன்றவில்லையா? ஃபோனில் பேசினால் சண்டை வரும் என்று நான்தான் எழுதினேன், சரி. நீ எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறாய்?

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உன் மரப்பண்ணைக்காரன் மூன்று வரியில் முடித்துவிட்டான், எனக்கு நாலு தாள் கிழிந்ததுதான் மிச்சம். ஆனால் ஒன்று மட்டும் போன கடிதத்தில் முழுதாகச் சொல்லவில்லை. டயரும் பனியும் உண்மைதான். ஆனால் லாரியில் ஏறுவதற்கு முன்னால் உன் கார் கண்ணாடி வரைக்கும் வந்தேன். நீ குனிந்து கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை. தட்டக் கையைத் தூக்கினேன். தட்டி, நீ கண்ணாடியை இறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்யப் போய்விட்டேன்.

இதை எழுதிய பிறகு உன் மேல் கோபம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. இருபது நிமிடம் உட்கார்ந்தவள் ஒரு தடவை ஹார்ன் அடித்திருக்கலாம்.

பதினேழாம் தேதி வா.

லோர்ன்