ஊசித்தட்டானின் உறவுக்காரர்கள்

சரோஜினி நகர், புது தில்லி
14-12-1984

சௌ. வத்சலாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்னில் சௌக்கியமாக இருக்க மலைமந்திர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். ரேஷன் கணக்கை எழுதி முடித்து, அப்பா நடக்கப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் உன் பேரை இன்னும் எடுக்கக்கூடாது.

மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ கிரஹாமைக் கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்த அன்றே, அப்பா உன் படத்தைக் காலமான தாத்தா பாட்டி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். போனவர்களுக்கு வைக்கிற பொட்டு. "எனக்குப் பொண்ணு இல்லை" என்றார். அதை அழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சுவருக்கு விளக்குக் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன். பக்தி என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

அவருக்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. அவர் இளகாமல் நீ படியேற முடியாது. நீ ஆராய்ச்சி செய்கிற பூச்சிகளைப் பற்றி எழுதேன், வாசித்துக் காட்டுகிறேன். பூச்சிக்கு அவர் தடை போடவில்லை.

அம்மா மீனாக்ஷி

*

மெல்போர்ன்
20-1-1985

அன்புள்ள அம்மா,

நமஸ்காரம். என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதே.

ஊசித்தட்டானில் ஒரு குடும்பம் உண்டு. அதன் உறவுக்காரர்கள் எல்லாம் டைனோசர் காலத்திலேயே கல்லில் பதிந்துபோனவர்கள். மிச்சம் ஒரே ஒரு இனம். அதுவும் செத்துப்போச்சு என்றுதான் பலபேர் எழுதினார்கள். போன வாரம் சதுப்பில் முழங்கால் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தோம். கோரைக்குள் பச்சையாக ஒன்று, அரிசி மாதிரி வால் நுனி வெள்ளை. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டியது, 'நான் இருக்கேன், இருக்கேன்' என்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கிரஹாம் கேட்டான். சேறு கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அப்பா கூப்பிட்டால் ஜல்தி வந்துவிடுவேன்.

வத்சலா

*

சரோஜினி நகர்
8-2-1985

சௌ. வத்சலாவுக்கு,

உன் கடிதத்தை நேற்று அப்பாவுக்கு வாசித்தேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அச்சா, செத்துதுன்னு எழுதினவன் போய்ப் பார்த்தானாமா?"

"பார்க்காமத்தான் எழுதிட்டான்" என்றேன்.

"மடையன்" என்றார்.

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உன்னை வா என்று இன்னும் சொல்லவில்லை. அவசரப்பட்டுக் கிளம்பாதே. அவர் வாயால் வரட்டும்.

அம்மா

*

சரோஜினி நகர்
19-3-1985

என் கண்ணே,

அப்பா போய்விட்டார் என்ற தந்தி கிடைத்தும் வரவில்லையே என்று உன்மேல் எனக்குக் குறை இல்லை. படியேறாதே என்றவர் கடைசிவரை வா என்று சொல்லவில்லை. நீ எப்படி வருவாய்?

காரியமெல்லாம் முடிந்து, இன்று அப்பா படத்தை உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். பொட்டு வைக்கக் கண்ணைத் திறந்துதானே ஆகவேண்டும்? திறந்தேன். உன் கண்ணாடியில் பொட்டு இல்லை. அழுத்தித் துடைத்திருக்கிறது. சட்டத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சந்தனம் காய்ந்திருக்கிறது.

உன் கடிதம் வாசித்த இரண்டொரு நாளில் அவர் துண்டில் சிவப்புக் கறை பார்த்தேன். கோயில் குங்குமம் என்று நினைத்து, "துண்டிலேயா துடைப்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சோப்புப் போட்டுக் கசக்கினேன். அவர் ஈஸிசேரில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சுவரைப் பார்ப்பேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது.

உன் படத்தைக் கழற்றிவிட்டேன்.

'துடைச்சுட்டேன் மீனாக்ஷி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்திருப்பேன்.

அம்மா