தம்பி என்று சேவ் ஆகிவிட்டது

13 பிப்ரவரி 2024, செவ்வாய்

கார்வென் இன்றும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். சத்திரத்துக்குள்ளே நான். வெளியேற ஒரே கதவு. அந்தக் கதவில் ஆறடி இரும்புக் கவசத்தோடு அவன். தள்ளிப் பார்த்தேன், மந்திரம் போட்டுப் பார்த்தேன், ‘என் பின்னால் வா’ என்று கட்டளை கொடுத்துப் பார்த்தேன். ‘சரி’ என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். முக்கால் மணி நேரம் போனது. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, அவனைச் செய்ததே நான்தான்.

கார்வென் ஒரு மோட். வாளும் மந்திரமும் டிராகனுமாக நான் விளையாடும் கேமில் கூடவே நடந்துவரத் துணைவர்கள் உண்டு. கேம் கொடுத்தவர்களில் ஒருவனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நானே ஒருவனைச் செய்து உள்ளே ஒட்டவைத்திருக்கிறேன். மாநிறம், மீசை, அளவான தொப்பை. அவன் பேசுவதெல்லாம் திரையின் அடிப்பகுதியில் தமிழ் எழுத்தில் ஓடும். முப்பத்தேழு வயதில், பல் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து ‘அடுத்தது’ என்று கூப்பிடுகிறவளுக்கு இது தேவையா? தேவைதான் போலிருக்கிறது, ஐந்து மாதமாகச் செய்கிறேன்.

அம்மா பின்னால் நின்று பார்த்திருக்கிறார். “லிண்டா, நாளைக்குத் தவக்காலம் ஆரம்பிக்குது. கறிய மட்டும் விட்டா பத்தாது. நாப்பது நாளைக்கு இந்தக் கேம விடு.” அம்மா ரோசம்மா, எங்கள் பாக்கார் ஆராங் தாமான் குடியிருப்பில் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். அவரிடம் பேரம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. விளையாட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

14 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதனும் காதலர் தினமும் இந்த வருடம் ஒரே நாளில். நெற்றியில் சாம்பலோடு கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பல் பிடுங்க வந்த ஒருவர் முகத்தில் அழுக்கு என்று பரிதாபப்பட்டு டிஷ்யூ நீட்டினார். காதலர் தினத்துக்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

மாலையில் ஒரு ஞானம் வந்தது. வாக்குக் கொடுத்தது விளையாடமாட்டேன் என்று. மோட் செய்வது விளையாட்டு ஆகாது, அது வேலை. ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் சொல்வார்.

16 பிப்ரவரி, வெள்ளி

லீவு, எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியில். ஞானத்தில் ஓட்டை இருக்கிறது. செய்ததைச் சோதிக்கக் கேமைத் திறந்தாக வேண்டும், திறந்தால் விளையாட்டு. எழுத்துருவும் கோளாறு: கார்வென் ‘போகலாம்’ என்று சொன்னால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

மலேசியத் தமிழ் கேமர்கள் குழுவில் எழுதினேன். எழுத்துருவைச் சரிசெய்யத் தெரிந்தவர், ஈஸ்டர் வரை எனக்குப் பதிலாகச் சோதிக்கக் கூடியவர் தேவை என்று. இருபத்தாறு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் “நான் பாக்கறேன்” என்றான். பெயர் ‘பூடாக் பெண்டாங்’, அதாவது பெண்டாங் ஊர்ப் பொடியன். படத்தில் ஒரு கார்ட்டூன் எருமை. ஏதோ பள்ளிக்கூடப் பையன். பெரிய மனுஷி தோரணையில் பதில் போட்டேன்: “தம்பி, ஸ்கூல் பாடமெல்லாம் முடிச்சிட்டு செஞ்சா போதும்.”

“சரிக்கா” என்று வந்தது.

18 பிப்ரவரி, ஞாயிறு

பையன் கெட்டிக்காரன். கொம்பு முன்னால் வந்துவிட்டது. வாசல் கோளாறையும் கண்டுபிடித்துவிட்டான். “அக்கா, உங்க ஆளுக்கு இடுப்பு அகலம் ஜாஸ்தி. கதவுல மாட்டிக்கிறான். தொப்பைய கொறைங்க.”

தொப்பையில் கை வைக்க மனம் வரவில்லை. கவசத்தைக் குறைத்தேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

மெலிந்த கவசம், அவன் கைகால் அசைவை வைத்திருக்கும் ‘எலும்புக்கூடு’ ஃபைலைக் கெடுத்திருக்கிறது. தம்பி படம் அனுப்பினான்: காட்டு நடுவில் கார்வென் இரண்டு கைகளையும் அகல விரித்து விறைத்து நிற்கிறான். அம்மா எதேச்சையாகத் திரையைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். “தவக்காலத்துல நல்ல படம் பாக்கற” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லவில்லை. நரகத்தில் எனக்குத் தனி வரிசை இருக்கும்.

1 மார்ச், வெள்ளி

ஐயோ.

இரண்டு மோட்களில் எது முதலில் ஏற வேண்டும் என்ற வரிசையை அனுப்பியிருந்தேன். தம்பி தலைகீழாகப் போட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு இன்று வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் டிராக்டர் போல ஏதோ உறுமுகிறது. நல்ல கட்டைக் குரல். “சாரிக்கா. கண்ணாடி போடாம படிச்சிட்டேன். வெள்ளெழுத்து வந்துருச்சு.”

எந்தப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு வெள்ளெழுத்து வருகிறது?

கேட்டேன். பெயர் சிவநேசன். நெல் அறுக்கும் மெசின்களைப் பழுதுபார்க்கிறார். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அவரும் இரண்டு பூனைகளும். வயது நாற்பத்திரண்டு. “பூடாக்னு பேர் வச்சப்ப எனக்கு இருவது லா. மாத்த மறந்துட்டேன்.” எங்கள் மலேசிய ‘லா’ வேறு.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அப்புறம் எதற்கு என்னை அக்கா என்றாராம்?

“நீங்க தம்பின்னீங்க. தம்பின்னா அக்கான்னுதானே சொல்லணும். மரியாத இல்லையா.”

3 மார்ச், ஞாயிறு

வயது தெரிந்த பிறகும் தம்பி, அக்கா தொடர்கிறது. நிறுத்தியிருக்க வேண்டிய நேரம் அதே நிமிடம்தான். தாண்டிவிட்டோம்.

8 மார்ச், வெள்ளி

அடுத்து கல்யாணக் கட்டம். இந்தக் கேமில் துணைவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதற்கான வசனங்களைப் போன வருடமே எழுதிவிட்டேன். சிவநேசனுக்கு அனுப்பிய பிறகுதான் உறைத்தது: கார்வென் என்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு எழுதிய அத்தனையையும் இந்த மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பார். ‘உன் சிரிப்பைக் கேட்கவே இந்தப் போருக்கு வந்தேன்’ என்ற வரி உட்பட.

திரும்ப எடுக்கப் பார்த்தேன். அதற்குள் டவுன்லோடு செய்துவிட்டார்.

10 மார்ச், ஞாயிறு

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். “எழுத்து நல்லாருக்குக்கா. ஆனா இந்த ஆளு எதுக்கெடுத்தாலும் சரி சரிங்கிறான். நீங்க மலையிலேர்ந்து குதிக்கப் போனாலும் சரிங்கிறான். இவன்கூட எப்படி லா குடித்தனம் நடத்தறது?”

அவரே ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார். நான் மலை விளிம்புக்குப் போனால் கார்வென் சொல்ல வேண்டுமாம்: “பாத்து போங்க. விழுந்தா நான்தான் தூக்கணும், எனக்கு இடுப்பு வலி.”

கிளினிக் கழிப்பறையில் நின்று சிரித்தேன். இத்தனை மாதத்தில் என் கார்வென் என்னை ஒருமுறைகூடச் சிரிக்க வைத்ததில்லை.

கல்யாணப் பேச்சு மட்டும் கேமில் வரவே இல்லையாம். காரணம் தேடுகிறார்.

15 மார்ச், வெள்ளி

நேற்று கிளினிக்கில் மானம் போனது. கவுண்டரில் இருக்கும்போது செய்தி வந்தது.

“கண்டுபிடிச்சிட்டேன்க்கா. கேம்ல நீங்க ஆடற ஹீரோயினோட தம்பி ஒருத்தன் வருவான் இல்ல, அவன காப்பி பண்ணிதானே இவன செஞ்சீங்க? மொகம் மாத்தினீங்க, மீசை வச்சீங்க, பேர் மாத்தினீங்க. உறவு மாத்தல. கேமுக்கு இவன் இன்னும் உங்க தம்பிதான். தம்பிக்கு எப்படி கல்யாணப் பேச்சு வரும்? மானமுள்ள கேம் லா.”

மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்டேன்.

“மாத்தினாலும் பழைய ஆட்டத்துல ஒட்டாது. தம்பின்னு சேவ் ஆயிருச்சு. மொதல்லேர்ந்து புதுசா ஆரம்பிச்சாதான் உண்டு.”

போனையே பார்த்துக்கொண்டு, ‘அடுத்தது’ என்று கூப்பிட வேண்டிய இடத்தில் ‘தம்பி’ என்று கூப்பிட்டேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் சந்தோஷமாக எழுந்து வந்தார்.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ரொம்பவே. அவரைத் தம்பி ஆக்கியதும் நான்தான். நம் ஆட்களிடம் ஒருவரைத் தம்பி என்று கூப்பிட்டு ஒரு மாதம் ஓடிவிட்டால் அவர் தம்பிதான். திடீரென்று நிறுத்தினால் ஏன் நிறுத்தினாள் என்று யோசிப்பார். யோசித்து, பயந்து, மெசினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்? சரி சரி என்கிற ஒருத்தன்.

20 மார்ச், புதன்

நான்கு நாளாகத் தம்பியும் போடாமல் பெயரும் போடாமல் எழுதிப் பார்க்கிறேன். ‘இன்று மாலை சோதிக்க முடியுமா. நன்றி.’ கிளினிக்கிலிருந்து போகும் நினைவூட்டல் மாதிரியே இருக்கிறது. அவரிடமிருந்து கேள்வி: “கோவமாக்கா? ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?”

“இல்ல தம்பி” என்று போட்டேன். என்னை எதால் அடிப்பது?

அவர் குரல் ஓடும்போது அம்மா எட்டிப் பார்த்தார். “யாரு அது?”

“மோட் செய்யற ஒரு தம்பிம்மா.”

“தம்பியா? கொரல கேட்டா மாமா மாதிரி இருக்கு.”

29 மார்ச், பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில் பதினான்கு நிலையிலும் ஒரே வேண்டுதல். இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

31 மார்ச், ஈஸ்டர்

நாற்பது நாள் கழித்துக் கேமைத் திறந்தேன். உறவை மாற்றி, புது ஆட்டம். எல்லாம் வேலை செய்கிறது. கதவில் மாட்டவில்லை, கை விரிக்கவில்லை, கொம்பு முன்னால் நிற்கிறது. கல்யாணமும் முடிந்தது. ‘உன் சிரிப்பைக் கேட்கவே இந்தப் போருக்கு வந்தேன்’ என்றான் கார்வென். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது நிமிடத்தில் அடைத்துவிட்டேன்.

வேலை முடிந்துவிட்டது. இனி அவருக்கு எழுதக் காரணமே இல்லை. அழுகையா வருது. கேவலமா இருக்கு, ஒரு மோட் சரியா ஓடுதுன்னு யாராவது அழுவாங்களா?

கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் போடுகிறது என்று அவருக்கு எழுதினேன். அது மூன்று வருடமாகப் போடும் சத்தம். வெள்ளிக்கிழமை மெசினுக்கு பெல்ட் வாங்க எங்கள் சுங்கை பட்டாணிக்கு வருகிறாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

5 ஏப்ரல், வெள்ளி

வந்தார். ஆள் உயரம் இல்லை. தொப்பை உண்டு, அளவானது இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி நேராக ஒதுக்கி வைத்தார். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிடும்போது விசாரணை நடந்தது.

“எந்த சர்ச் தம்பி?”

“மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து வீடு ஆன்ட்டி.”

அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. பிறகு ஒரு துண்டு மீன் எடுத்து வைத்தார். வால் துண்டு.

சாப்பிட்ட பிறகு அவர் என் அறையில் கம்ப்யூட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் அம்மாவோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மின்சாரத்தை அடைத்தாரா இல்லையா என்று திடீரென்று பயம். கூப்பிட வாயைத் திறந்தேன். தம்பி என்று வரவில்லை. அம்மா முன்னால் பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. அண்ணே என்று தொடங்கினால் இன்னொரு ஜென்மம் வேண்டும். கூப்பிட ஒரு சொல்லும் இல்லாமல் போனபோது வாய் தானாகவே ஒன்றை எடுத்துக்கொண்டது.

“ஏங்க, சுவிட்ச அடைச்சிட்டீங்களா?”

அப்பா இருந்தவரை அம்மா இதே சமையலறையிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டார். அம்மா தண்ணீர்க் குழாயை மூடினார். உள்ளேயும் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றது.

“அடைச்சிட்டேங்க” என்று பதில் வந்தது.

அதற்கு மேல் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேட் வரை அவரை வழியனுப்பப் போனேன். கார் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

“இன்னைக்கி பூரா தம்பிய காணலையே.”

“தம்பி இனிமே வரமாட்டான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெல்ட் சுருளைக் கையில் திருப்பினார். “நல்லது லா. அக்காவையும் கூடவே அனுப்பி வச்சிருவோம்.”

6 ஏப்ரல், சனி

அம்மா பேசவில்லை. ஜெபமாலை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்கிறது.

9 ஏப்ரல், செவ்வாய்

இன்றும் பேசவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பெண்டாங்கிலிருந்து தினமும் அழைப்பு வருகிறது. நடந்ததைச் சொன்னேன். “நான் வந்து பேசட்டுமா?” என்றார். வேண்டாம், அம்மா கையில் கரண்டி இருக்கிறது என்றேன். சிரிக்கவில்லை. “கரண்டியால அடிச்சாலும் பரவால்ல, சொல்லுங்க, வரேன்” என்றார். அம்மாவை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகப் போவதில்லை, அவரையும் விட முடியாது. இரண்டில் எதை இழந்தாலும் தாங்க மாட்டேன்.

12 ஏப்ரல், வெள்ளி

காலையிலேயே அம்மா பக்கத்து வீட்டுக் காரில் கோத்தா கோலா மூடா மீன் சந்தைக்குப் போய் வந்தார். பிளாஸ்டிக் கூடை நிறைய மீன். பெரிய செனாங்கின் மீன் இரண்டு, இருவர் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாரம் வரும். நான் ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மீனை முடித்துவிட்டு அம்மா வாயைத் திறந்தார்.

“மாரியம்மனுக்கு அவரு வெரதம் கிரதம் இருப்பாரா?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“கேளு. போன வெள்ளி மரியாதைக்குச் சாப்பிட்டாரோ என்னமோ. வெரதம் இருந்தா இன்னைக்கி மீன் வேணாம், நாளைக்கி வரச் சொல்லு.” தலையை வெட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, நடுத்துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தார். “அப்புறம், தம்பின்னு இனிமே அவர நான்தான் கூப்பிடணும். உன் வாயில அது வரக் கூடாது.”